சிவப்பு அடிக்காத வாஷர்

மூடிய குழாயிலிருந்து தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்டால் இன்றைக்கும் எனக்கு இருப்புக் கொள்ளாது. ஒன்பதாம் வகுப்பைப் பாதியில் விட்ட பிறகு நான் பார்க்காத வேலை குறைவு. திருப்பூரில் பனியன் மடித்தேன். பொள்ளாச்சியில் நார் மில்லில் நின்றேன். நடுவில் ஒரு வருஷம் எங்கே இருந்தேன் என்று கேட்டால் எனக்கே சரியாகச் சொல்லத் தெரியாது. இப்போது பள்ளிவாசல் என்கிற மலையூருக்கு மேலே ஒரு தங்கும் விடுதியில் அறை துடைக்கிறேன். எந்த ஊருக்குப் போனாலும் என் பையில் நாலைந்து ரப்பர் வாஷரும் ஒரு சின்ன ஸ்பேனரும் கிடக்கும். குழாய் ஒழுகினால் கீழே சொல்லி ஆள் அனுப்பச் சொல்ல வேண்டும் என்பது விடுதியின் சட்டம். நான் சொல்வதில்லை. ஆள் வருகிறவரை அந்தச் சத்தத்தை யார் கேட்டுக்கொண்டிருப்பது?

அப்போது எனக்குப் பத்து வயது. முதலமடைக்குக் கிழக்கே, மாந்தோப்புக்கு நடுவில் எங்கள் வீடு. மலை பக்கத்திலேயே நிற்கும், மழை மட்டும் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும். அந்த வருஷம் மாசியிலேயே தோட்டத்து போர்வெல் வெறும் காற்றை ஊதியது. வீட்டுக்குப் பஞ்சாயத்துத் தண்ணீர்தான், புதனும் சனியும் இரண்டிரண்டு மணி நேரம். அதை மோட்டார் போட்டு மொட்டைமாடியில் இருக்கும் கறுப்பு டாங்கியில் ஏற்றிக்கொள்வோம். டாங்கியிலிருந்து ஒரே ஒரு குழாய் இறங்கி வாசலில் முடியும். குடிக்க, சமைக்க, குளிக்க, மாட்டுக்கு வைக்க எல்லாம் அந்த ஒரு பித்தளைக் குழாய்தான்.

அது ஒழுகத் தொடங்கியது. முதலில் பல்லிடுக்கில் எச்சில் ஊறுவதுபோல ஒரு கசிவு. பிறகு சொட்டு. பிறகு எவ்வளவு இறுக்கினாலும் நிற்காத ஒரு நூல். அம்மா அடியில் குடம் வைத்தாள். குடம் நிறைந்தால் அண்டாவில் ஊற்றினாள். ஒரு நாள் மறந்தால்கூடப் புதன்கிழமைத் தண்ணீர் வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் மண்ணுக்குள் போயிருக்கும்.

“ஏனுங்க, ஊருக்கெல்லாம் மோட்டரு ரிப்பேரு பாத்தீங்க. ஊட்டு வாசல்ல ஒழுகற பைப்பு உங்க கண்ணுக்குத் தெரியாதுங்களா?” என்பாள்.

“நாளைக்கு வாசரு வாங்கியாறேன்.”

“அந்த நாளைக்கு எந்த வருசத்துல வருதுன்னு சொல்லுங்க. வாசல் தெளிச்சுக் கோலம் போட்டு வெக்கறேன். தெளிக்கத் தண்ணி இருந்தா.”

அப்பா தேநீர் டம்ளரைப் பாதி மட்டும் ஊற்றச் சொல்லி வாங்கிக்கொண்டு, எங்களுக்கு முதுகைக் காட்டி, தோப்பைப் பார்த்து நின்று குடிப்பார். அம்மாவின் மேல் கோபம் என்று நினைத்துக்கொள்வேன்.

ஒருமுறை அவர் முயற்சி செய்ததை நான் பார்த்தேன். ஒருவரும் இல்லை என்று நினைத்துக்கொண்டு குழாய்க்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். ஸ்பேனர் நட்டில் பிடிக்காமல் வழுக்கியது. திரும்ப வைத்தார், திரும்ப வழுக்கியது. பிடித்துத் திருகி எடுத்த நட்டு சேற்றில் விழுந்தது. தேடி எடுத்து மாட்டப் போனபோது மறுபடியும் விழுந்தது. எப்படியோ அதை மாட்டிவிட்டு ஸ்பேனரைச் சுவரில் விட்டெறிந்தார். ஒரு காலத்தில் மருந்தடிக்கிற மோட்டாரை அக்கக்காகப் பிரித்துப் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டு மாட்டியவர். அந்த வருஷம் அதைக்கூட வேலையாள் கையில் விட்டிருந்தார். இதையெல்லாம் இப்போது வரிசையாகச் சொல்கிறேன். அப்போது எனக்கு இவை தனித்தனியாகக் கிடந்தன, ஒன்றோடொன்று சேரவில்லை.

எங்கள் வீட்டில் இன்னொரு சட்டம் இருந்தது. வீட்டுக்குப் பின்னால் ஐம்பதடி தள்ளி ஒரு தகரக் கொட்டகை. மருந்துச் சாளை என்போம். மாமரத்துக்கு அடிக்கிற பூச்சிமருந்து, அதைக் கலக்குகிற நீல டிரம், பீச்சுகிற மோட்டார், மலைப்பாம்பு மாதிரி சுருண்டு கிடக்கும் ஓஸ் எல்லாம் அங்கே. அதற்குள் இருக்கிற ஒவ்வொரு பொருளுக்கும் அம்மா சிவப்புப் பெயின்ட் அடித்திருந்தாள். வாளியின் விளிம்பு, மக்கின் காது, கலக்குகிற குச்சி, கயிற்றின் நுனி. சிவப்பு இருந்தால் வீட்டுப்பக்கம் வரக்கூடாது, பிள்ளைகள் தொடக்கூடாது. ஐந்து வயதுத் தம்பிக்குக்கூட அது தெரியும். திருவிழாவில் மாமா வாங்கிக் கொடுத்த சிவப்புப் பந்தை அவன் இரண்டு நாள் தொடவே இல்லை. சாளையிலிருந்து சிவப்பு இல்லாமல் வீட்டுக்குள் வந்துபோனது அப்பா மட்டும்தான்.

இந்தச் சட்டம் வந்ததற்கு ஒரு கன்றுக்குட்டி காரணம். சாளை மக்கு எப்படியோ வாசலுக்கு வந்து, அதில் யாரோ தண்ணீர் மொண்டு வைக்க, கன்று குடித்துவிட்டது. முதலில் அதன் வாயில் எச்சில் நூலாக வழிந்தது. பிறகு கால் நடுங்கியது. பிறகு விழுந்தது. மதியத்துக்குள் முடிந்துவிட்டது. நான் முழுவதும் பார்த்தேன். யாரும் என்னை உள்ளே போகச் சொல்லவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை டாங்கி காலியாகி, அம்மா பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றிலிருந்து நாலு நடை குடம் சுமந்தாள். வந்ததும் கொல்லங்கோட்டில் இருக்கும் மாமாவுக்குப் போன் போட்டாள். மாமா என்றால் அவளுடைய தம்பி.

“நாளைக்கு வண்டிய எடுத்துட்டு வாடா. நானும் கொளந்தைகளும் அங்க வந்துர்றோம். தண்ணி வர்ற ஊட்டுல நாலு நாளாச்சும் இருக்கோணும்.”

சொன்னதோடு நிற்காமல் என் பாவாடை, தம்பியின் டவுசர் எல்லாவற்றையும் ஒரு பையில் திணித்தாள். அப்பா அந்தப் பையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தோட்டத்துக்குப் போனார். அப்பா இல்லாத வீட்டில் இருக்கப் போகிறோம் என்றதும் எனக்குப் பயம் வந்தது. எங்கள் வகுப்பில் ஒருத்தியின் அம்மா இப்படித்தான் நாலு நாள் என்று போனாள். அந்தப் பெண் மூன்றாவது வருஷமாகத் தாய்மாமன் வீட்டிலிருந்து பள்ளிக்கு வந்துகொண்டிருந்தாள்.

மறுநாள் சனிக்கிழமை. காலையில் தண்ணீர் வந்து டாங்கி நிறைந்தது. அப்பா மருந்து வாங்கப் போயிருந்தார். அம்மா தம்பியைக் கூட்டிக்கொண்டு ரேஷன் கடைக்குப் போனாள். மாமா மதியம் வருவார். அதற்குள் குழாயைச் சரிசெய்துவிட்டால் நாங்கள் போக வேண்டியதில்லை. இதைவிடச் சுலபமான கணக்கு எனக்குப் பள்ளிக்கூடத்தில் கிடைத்ததில்லை.

மாடிப்படியில் ஏறி டாங்கியின் வால்வை இரண்டு கையாலும் திருகி மூடினேன். கீழே வந்து ஸ்பேனரை வைத்துக் குழாயின் கழுத்து நட்டைப் பிடித்தேன். வரவில்லை. ஸ்பேனரின் மேல் காலை வைத்து ஏறி நின்றேன். கிறீச்சென்று இளகியது. திருகத் திருகத் தண்ணீர் முகத்தில் பீச்சியடித்தது. வால்வை மூடியும் குழாய்க்குள் இவ்வளவு தண்ணீர் நிற்கும் என்று எனக்குத் தெரியாது. டாங்கியே வாசலில் இறங்கப் போகிறது என்று உள்ளங்கையால் பொத்திக்கொண்டு அப்படியே நின்றேன். சத்தம் போட்டால் கேட்க ஆள் இல்லை. கொஞ்ச நேரத்தில் அது தானாக அடங்கியது.

உள்ளே இருந்த வாஷரைப் பார்த்தேன். எலி கடித்த தோசைபோல ஒரு பக்கம் இல்லை. அப்பாவின் டூல்ஸ் பெட்டியில் தேடினேன். ஒன்றும் கிடைக்கவில்லை. மாமா வருகிற நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. வாசலில் குழாய் தலையில்லாமல் நின்றது.

அப்போதுதான் சாளையில் கிடக்கும் ஓஸ் ஞாபகத்துக்கு வந்தது. அதன் இணைப்புக்குள் தடியாக ஒரு ரப்பர் வாஷர் இருக்கும். அப்பா மாட்டும்போது பார்த்திருக்கிறேன். ஓஸின் வாயில் அம்மா அடித்த சிவப்பு வட்டம் இருந்தது. உள்ளே இருக்கும் வாஷரில் யாரால் பெயின்ட் அடிக்க முடியும்? கதவைத் தள்ளி, மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனேன். இணைப்பைத் திருகி, குச்சியால் நெம்பினேன். அது என் உள்ளங்கையில் விழுந்தது. சுத்தமான கறுப்பு. எங்கும் சிவப்பு இல்லை. எனக்கு அது போதுமானதாக இருந்தது.

துணி சோப்பைப் போட்டு மூன்று முறை கழுவினேன். முகர்ந்து பார்த்தபோது சோப்பு வாசனைக்கு அடியில் இன்னொரு வாசனை இருந்தது. விளிம்பைப் பிளேடால் சீவிக் குழாய்க்குள் வைத்து, நட்டை இறுக்கி, மேலே போய் வால்வைத் திறந்தேன். கீழே வந்து காதைக் குழாயின் வாயில் வைத்தேன். ஒரு சொட்டு இல்லை. அப்படி ஒரு அமைதியை அதற்குமுன் எங்கள் வாசலில் நான் கேட்டதில்லை.

அம்மாவும் மாமாவும் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தார்கள். அம்மா குடத்தைத் தூக்கப் போனவள் குழாயைப் பார்த்துவிட்டு நின்றாள். திறந்தாள், மூடினாள். சேற்றில் கிடந்த ஸ்பேனரைப் பார்த்தாள். பக்கத்தில் கால் கழுவப் போய் நின்றது மாமா.

“ஏண்டா, நீயா சரி பண்ணுன?”

மாமா ஒரு கணம் குழாயைப் பார்த்தார், ஒரு கணம் அக்காவைப் பார்த்தார்.

“சாரமில்லக்கா. இதெல்லாம் ஒரு வேலையா?”

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா அவருக்குக் கோழி அடிக்கப் போய்விட்டாள். உண்மையைச் சொன்னால் வாஷர் எங்கிருந்து வந்தது என்ற கேள்வியும் வரும். மாமா பெயரிலேயே இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டேன். பையில் இருந்த துணிகளை அம்மா எடுத்து மடித்து அலமாரியில் வைத்ததைக் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று சாயங்காலம் அப்பா வந்ததும், “என்ற தம்பி வந்து காமணி நேரத்துல முடிச்சுட்டானுங்க” என்றாள். அப்பா குழாயிடம் போனார். திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். “நல்லா பண்ணிருக்கறயே, மாப்ள,” என்றார். மாமா தலையைச் சொறிந்துகொண்டு கள்ளுஷாப்பில் ஒரு சிநேகிதனைப் பார்க்க வேண்டியிருக்கிறது என்று கிளம்பினார். அப்பா ராத்திரிச் சாப்பாட்டையும் எங்களுக்கு முதுகைக் காட்டியே சாப்பிட்டார். குழாய் ஒழுகுவது நின்றும் இவருக்குக் கோபம் நிற்கவில்லையே என்று எனக்கு வருத்தமாக இருந்தது.

ஞாயிறு காலையில் மருந்தடி. ஆட்கள் இரண்டு பேர் வந்து டிரம்மையும் மோட்டாரையும் டிராக்டரில் ஏற்றிப் போனார்கள். ஸ்பேனரையும் எடுத்துக்கொண்டு அப்பாவும் கூடப் போனார். அரைமணி நேரத்தில் அப்பா திரும்பி வந்தார். சட்டை நெஞ்சுவரை நனைந்திருந்தது.

“ஏம்புள்ள, சாளைக்குள்ள யாராச்சும் போனீங்களா? ஓஸுல வாசரக் காணோம். மருந்து பூரா மேல கொட்டுது.”

“அங்க நாங்க எதுக்குங்க போறோம்? எலி இளுத்துட்டுப் போயிருக்கும்.”

“எலி இளுத்திருந்தா எலி செத்துக் கெடக்கும். மூணு வருசமா மருந்துலயே ஊறுன வாசரு அது. கோளி கீளி கொத்தித் தொலைக்கப் போகுது, வாசலக் கூட்டிப் பாரு.”

சொல்லிவிட்டு சைக்கிள் டியூபில் ஒரு துண்டை வெட்டிக்கொண்டு போய்விட்டார். நான் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றேன். காதுக்குள் அந்த ஒரு வார்த்தைதான். ஊறுன. ஊறுன.

அடுப்பில் சோற்றுப்பானை கொதித்துக்கொண்டிருந்தது. அது அந்தக் குழாய்த் தண்ணீர். நேற்றுக் கோழிக்குழம்பு அந்தத் தண்ணீர். காலையில் அப்பா குடித்த பாதி டம்ளர் தேநீர், தம்பி குடித்த பால், நான் கொப்பளித்தது, பசு குடித்த கழனித்தண்ணீர். ஒவ்வொன்றாக விரல் விட்டு எண்ணினேன். தின்பண்டம் திருடினால் அடி விழும். இதற்கு என்ன விழும் என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் எப்படி நடக்கும் என்று தெரியும். முதலில் எச்சில். பிறகு நடுக்கம். பிறகு விழுவது.

தம்பியிடம் போய் வாயைத் திறக்கச் சொன்னேன். திறந்தான். எச்சில் இருந்தது. எல்லார் வாயிலும் எச்சில் இருக்குமா என்று என் வாயைத் தொட்டுப் பார்த்தேன். காய்ந்திருந்தது. அப்படியானால் அவனுக்குத்தான் அதிகம் போயிருக்கிறது. ஒரு காலில் நிற்கச் சொன்னேன். ஆடி விழுந்தான். விழுந்துவிட்டுச் சிரித்தான். எனக்கு அழுகை வந்தது. “இன்னொருக்கா,” என்று அவன் மறுபடி ஒற்றைக்காலில் நின்றான்.

அந்த நேரத்தில்தான் கொட்டகைக்குப் பக்கத்திலிருந்து ஓங்கரிக்கும் சத்தம் கேட்டது. ஓடினேன். ராத்திரி எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்ட மாமா தென்னைமரத்தைக் கட்டிப்பிடித்துக் குனிந்திருந்தார். வாயிலிருந்து நீளமாக ஒரு நூல் தொங்கியது. கன்றுக்குட்டிக்குத் தொங்கியதே, அதே நூல்.

“மாமா...”

“ஒண்ணுமில்ல அம்மிணி. போயி ஒரு சொம்பு தண்ணி கொண்டா.”

தண்ணீர். அதையே கேட்கிறார். என் கால்கள் அதன்பிறகு என்னைக் கேட்டு ஓடவில்லை.

வாஷரைக் கழற்ற ஸ்பேனர் இல்லை. இருந்தாலும் அதைத் திரும்பத் தொட்டிருப்பேனா தெரியாது. விளக்குத் திரி எண்ணெயை மேலே இழுப்பதுபோல, குழாய் வழியாக அந்த விஷம் ராத்திரி முழுக்க மேலே ஏறி டாங்கி பூராவும் பரவியிருக்கும் என்று எனக்குத் தோன்றியது. பிறகு எத்தனையோ குழாய்களைக் கழற்றி மாட்டியாயிற்று. தண்ணீர் இறங்கத்தான் செய்யும், குழாயின் வாயில் இருப்பது டாங்கிக்கு ஏறாது என்று இன்றைக்கு எந்தப் பிளம்பரோடும் நின்று பேசுவேன். அன்று அந்தக் கறுப்பு டாங்கி என் தலைக்கு மேல் விஷத்தோடு உட்கார்ந்திருந்தது.

குழாயை முழுவதும் திறந்துவிட்டேன். தண்ணீர் வாசலில் விழுந்து, மல்லிகைச் செடியைத் தாண்டி, பாதைக்குப் போயிற்று. கோழிகள் ஓடி வந்து குடித்தன. கல்லால் அடித்து விரட்டினேன். அடுக்களைக்குள் போய் நாலு குடத்தையும் அண்டாவையும் ஒவ்வொன்றாக இழுத்துப் பின்வாசலில் கவிழ்த்தேன். அம்மா மாட்டுத் தொழுவத்தில் இருந்தாள். தம்பி ஒரு டம்ளரில் மொண்டு வாயருகே கொண்டுபோவதைப் பார்த்து ஓங்கித் தட்டிவிட்டேன். டம்ளர் அவன் உதட்டில் பட்டு ரத்தம் வந்தது. அவன் அலறிய அலறலில் அம்மா வந்தாள்.

வாசல் குளமாகக் கிடந்தது. குழாயில் கடைசித் தண்ணீர் இருமி இருமி வந்து நின்றது. அடுத்த தண்ணீர் புதன்கிழமை. அம்மா குழாயைப் பார்த்தாள், அடுக்களையைப் பார்த்தாள், தம்பியின் உதட்டைப் பார்த்தாள். விளக்குமாற்றை எடுத்தாள்.

அந்த அடி எனக்கு உறைக்கவில்லை. அவள் கை ஓங்கும்போது அது நடுங்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நடுங்கியது. கோபத்தில் நடுங்கும் என்று எனக்குத் தெரியாது.

“அம்மா, அந்தத் தண்ணியக் குடிக்காதீங்க. மாமா சாகப் போறாரு. அப்பறம் தம்பி. ஓஸு வாசர நான்தான் பைப்புல வெச்சேன்.”

விளக்குமாறு நின்றது. மாமா அப்போதுதான் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு வந்தார்.

“நீதான பைப்ப சரி பண்ணுனே?” என்றாள் அவரிடம்.

“நான் எப்பக்கா சொன்னேன்? நீயா நெனச்சுக்கிட்டே. கோளியடிச்சுப் போட்டியேன்னு பேசாம இருந்துட்டேன்.”

“வாந்தியெடுக்கறயேடா!”

“அது கள்ளுக்கா. நேத்து அந்தியில கொஞ்சம் நெம்பப் போச்சு.”

அம்மா அதை நம்பவில்லை. தம்பியை மடியில் போட்டு இமையைப் பிதுக்கிப் பார்த்தாள், என் நாக்கை நீட்டச் சொன்னாள், மாமாவின் தலைமயிரைப் பிடித்து வாயை முகர்ந்தாள். உப்புத்தண்ணீர் கரைத்துக் கொடுக்கலாம் என்று உப்பு ஜாடியை எடுத்தவள் அப்படியே நின்றாள். கரைக்க வீட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. ஜாடியைக் கையில் பிடித்துக்கொண்டே, “போயி உன்ற மச்சானக் கூட்டியாடா, நிக்கறான் பாரு,” என்று கத்தினாள். மாமா வண்டியைக் கிளப்பிக்கொண்டு பறந்தார்.

அப்பா வந்தபோது நான் குழாய்க்குப் பக்கத்தில் சேற்றில் உட்கார்ந்திருந்தேன். அம்மா சொன்னதையெல்லாம் கேட்டார். பசுவிடம் போய்ப் பார்த்தார். அது அசைபோட்டுக்கொண்டிருந்தது. தம்பியைத் தூக்கிப் பார்த்தார்.

“நேத்து மத்தியானத்துலருந்து எத்தன கொடம் புடிச்சிருப்பே? ஆவறதா இருந்தா நேத்தே ஆயிருக்கும். கோளிகூட நிக்குது பாரு. ஒண்ணும் ஆவாது, பயப்படாதே. இருந்தாலும் இனி இதுல புடிக்க வேண்டா. நீங்க ரெண்டு பேரும் கெணத்துக்குப் போயி நாலு கொடம் கொண்டாங்க.”

அம்மாவும் மாமாவும் குடங்களோடு போனார்கள். தம்பி அழுத களைப்பில் தூங்கிவிட்டான். அப்பா என்னிடம் வந்தார். அடி விழும் என்று தோளைக் குறுக்கினேன். அவர் ஸ்பேனரை எனக்கு முன்னால் போட்டார்.

“கெளட்டு.”

“நானுங்களா?”

“நீதான மாட்டுனே. கெளட்டு, பாக்கலாம்.”

கழற்றினேன். ஸ்பேனரின் மேல் ஏறி நின்றதைப் பார்த்து அவர் மூக்கால் சிரித்த மாதிரி இருந்தது. வாஷரைக் குச்சியால் நெம்பி எடுத்தேன். அதை ஒரு காகிதத்தில் வாங்கி மடித்து ஓரமாக வைத்தார். பிறகு சட்டைப்பைக்குள் கையை விட்டார். உள்ளே கை ரொம்ப நேரம் தேடியது. வெளியே வந்தபோது உள்ளங்கையில் புது வாஷர் ஒன்று இருந்தது. கடைக்காரன் சுற்றிக் கொடுத்த காகிதம் பழுத்து, மடிப்பில் கிழிந்திருந்தது. பல நாள் அந்தப் பையிலேயே கிடந்த காகிதம்.

“இந்தா, எடுத்து மாட்டு.”

எடுக்கப் போனேன். எடுக்க முடியவில்லை. வாஷர் அவர் உள்ளங்கையில் நிற்காமல் துள்ளிக்கொண்டிருந்தது. வாஷர் இல்லை, கை. விரல்கள் ஐந்தும் தனித்தனியாக நடுங்கின. அவர் மற்றக் கையால் மணிக்கட்டைப் பிடித்தார். அந்தக் கையும் நடுங்கியது.

கன்றுக்குட்டிக்கு எச்சிலுக்குப் பிறகு இதுதான் வந்தது.

“அப்பா,” என்றேன். “நான் வெச்ச வாசராலயா?”

அவர் என்னைப் பார்த்தார். பிறகு தன் கையைப் பார்த்தார், வேறு யாருடைய கையையோ பார்ப்பதுபோல.

“அட இல்ல அம்மிணி. உன்னால இல்ல. இது கார்த்திகையிலிருந்தே இருக்குது. மருந்தடிக்கற நாளு கொஞ்சம் சாஸ்தி ஆவும், அப்பறம் கொறஞ்சுரும். உன்ற அம்மாகிட்டச் சொல்லீராத.”

“நெசமாலுமே என்னால இல்லீங்களா?”

“நெசமாலுமே.”

அவர் கையை என் கைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து கவிழ்த்தார். வாஷர் என் உள்ளங்கையில் விழுந்து அசையாமல் கிடந்தது. நான் மாட்டி இறுக்கினேன். “அப்பாதான் மாட்டுனாருன்னு சொல்லட்டுங்களா?” என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சரி என்று தலையாட்டினார்.

என்னால் இல்லை. கார்த்திகையிலிருந்தே இருக்கிறது. அதைவிட நல்ல செய்தியை நான் அதுவரை கேட்டதில்லை. சேற்றுக் காலோடு வீட்டுக்குள் ஓடி, தூங்கிக்கொண்டிருந்த தம்பியை உலுக்கி எழுப்பினேன். அம்மா தண்ணீரோடு வரும்வரை இரண்டு பேரும் வாசலில் ஒற்றைக்காலில் நின்று விளையாடினோம். விழுந்தபோதெல்லாம் சிரித்தேன். அப்பா படியில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் அக்குளில் வைத்துக்கொண்டு, எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.